கைபேசிக்குள் ஒரு புத்தக அலமாரி

“எங்க பையனுக்குத் தமிழ் நல்லாப் புரியும், நல்லாப் பேசுவான். படிக்கத்தான் வராது.”

நம் சங்கத்தின் பொங்கல் விழாவாகட்டும், ஆண்டு விழாவாகட்டும், இந்த வாக்கியத்தைக் குறைந்தது நாலு பெற்றோரிடமாவது கேட்காமல் வீடு திரும்ப முடியாது. சொல்லும்போது குரலில் பாதி பெருமை, பாதி கூச்சம். மும்பையிலும், அதை ஒட்டிய முலுண்ட், டோம்பிவ்லி, கல்யாண் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். பள்ளியில் ஆங்கிலம், கூடவே இந்தி, மராத்தி. கட்டடத்தின் கீழே விளையாடும்போது மூன்றும் கலந்த ஒரு பேச்சு. தமிழ், வீட்டுக்குள் சமையலறைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் புழங்குகிற மொழி. காதில் விழுகிறது, நாக்கில் வருகிறது, கண்ணுக்கு மட்டும் எட்டுவதில்லை.

தமிழ் அழிந்துவிடும் என்று இங்கே பயமுறுத்தப் போவதில்லை. அந்தப் பேச்சை மேடையில் கேட்டுக் கேட்டு நமக்கே அலுத்துப் போயிற்று. குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நான் சொல்ல வந்தது வேறு. நல்ல கதைப் புத்தகங்கள், தமிழிலும் மற்ற மொழிகளிலும், இன்று செலவில்லாமல் நம் கையருகே கிடக்கின்றன. எந்தக் கைபேசியைப் பார்த்து ‘பிள்ளையைக் கெடுக்கிறது’ என்று புலம்புகிறோமோ, அதற்குள்ளேயேதான் கிடக்கின்றன. ஆனால் குழந்தை தானாக அங்கே போய்ச் சேராது. கையைப் பிடித்து அழைத்துப் போக வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அதற்குத் தோதானவர்கள், என்னைப் போல ஓய்வு பெற்றுச் செய்தித்தாளை மூன்றாவது முறை புரட்டிக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகள்தான் என்பது என் கட்சி.

மத்திய ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். அதில் பெரும் பகுதி புசாவலில் கழிந்தது. அந்தக் காலத்து ரயில்வே காலனிகளில் வாழ்ந்தவர்களுக்கு ‘இன்ஸ்டிடியூட்’ ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் கேரம், டேபிள் டென்னிஸ், வருஷத்துக்கு ஒரு நாடகம். இன்னொரு பக்கம் சின்னதாக ஒரு நூலகம். எங்கள் நூலகத்தில் மராத்தி, இந்தி, ஆங்கிலப் புத்தகங்களுக்கு நடுவே தமிழுக்கென்று ஒரே ஓர் இரும்பு அலமாரி. மாற்றலாகிப் போன தமிழ்க் குடும்பங்கள் விட்டுவிட்டுப் போனவைதான் அதில் அதிகம். பழைய அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், அட்டை போன வாண்டுமாமா கதைகள். அதைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர். குழந்தை உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்ப்பார். போன வாரம் எடுத்துப் போன புத்தகம் எந்த நிலையில் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பார். பாதியில் பக்கம் மடித்த அடையாளம் இருந்தால், “பிடிக்கலையா? சரி, விடு” என்று வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். முடித்துவிட்டு வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் மூத்த மகள் தமிழ் படித்தது அந்த ஒற்றை அலமாரியில்தான், பள்ளியில் அல்ல.

அந்த அலமாரியில் இருந்தவை மிஞ்சிப் போனால் இருநூறு புத்தகங்கள். இணையத்தில் இருப்பவை பல்லாயிரம். வித்தியாசம் என்னவென்றால், அலமாரியின் முன்னால் அந்தக் கார்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வே பாஷையில் சொன்னால் இணையம் ஒரு கூட்ஸ் ஷெட். எல்லாச் சரக்கும் வந்து இறங்கிக் கிடக்கிறது. எந்த மூட்டை யாருக்கு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ‘தமிழ்க் கதை’ என்று தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் வீடியோக்கள். ஒன்று முடியும் முன்பே அடுத்தது தயாராக நிற்கும். அதையே குற்றம் என்று சொல்ல மாட்டேன், சிலது நன்றாகவே இருக்கிறது. ஆனால் வீடியோவில் கதை அதன் வேகத்தில் ஓடுகிறது. புத்தகத்தில் பக்கத்தைத் திருப்புவது குழந்தை. யானையின் காதைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமானால் பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

சரி, எங்கே போவது?

ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு என் முதல் சிபாரிசு ‘ஸ்டோரிவீவர்’. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கில்லாத பதிப்பகம் நடத்துவது. பதிப்பகம் தொடங்கியது 2004இல். இந்தத் தளத்தைத் திறந்தது 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று. முன்னூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன. தமிழில் தாராளமாகவே இருக்கின்றன. காசு கிடையாது. மொழியையும் படிநிலையையும் தேர்ந்தெடுத்தால் அட்டைகள் வரிசையாக வந்து நிற்கும்.

அந்தப் படிநிலை என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான்கு நிலைகள். முதல் நிலைக் கதை முழுவதிலும் சேர்த்து 250 சொற்களுக்குள்தான் இருக்கும். பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. வந்த சொல்லே திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் நிலை சுமார் 600 சொற்கள் வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். நம்மில் பலர் பேரனுக்கு எட்டு வயதாகிறதே என்று மூன்றாம் நிலையில் தொடங்குகிறோம். வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்றாம் நிலை படிக்கிற பிள்ளை தமிழில் முதல் நிலையில்தான் ஏற வேண்டும். அதைக் குழந்தையிடம் வயதைச் சொல்லிக் கேலி செய்யாமல் செய்ய வேண்டும். தம்பி தங்கை இருந்தால் “அவளுக்குப் படிச்சுக் காட்டு” என்று சொல்லிவிடுங்கள், கௌரவம் காப்பாற்றப்பட்டுவிடும்.

நம்மைப் போல வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தளத்தில் ஒரு தனி வசதி இருக்கிறது. பல கதைகள் ஒரே படங்களோடு மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கிடைக்கின்றன. இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை என் பேத்தியிடம் சோதித்துப் பார்த்தேன். அவளுக்கு ஏழு வயது. தேவநாகரி எழுத்து ஓரளவு வரும், தமிழ் எழுத்து அரைகுறை. முதலில் கதையை மராத்தியில் அவளே எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். (என் மராத்தி உச்சரிப்பைத் திருத்துவதில் அவளுக்குத் தனி சந்தோஷம்.) மறுநாள் அதே கதையைத் தமிழில் நான் படிப்பேன், அவள் படத்தைப் பார்ப்பாள். மூன்றாம் நாள் தமிழில் அவள். கதை தெரியும், அடுத்து என்ன வரும் என்று தெரியும், படம் கைகொடுக்கிறது. அதனால் பாதி எழுத்து தெரிந்தாலே மீதியை ஊகித்துவிடுகிறாள். ஊகித்துப் படிப்பது தப்பு என்று நம் காலத்து வாத்தியார்கள் காதைத் திருகினார்கள். முன்பின் சொல்லை வைத்து ஊகிக்காமல் யாரும் வேகமாகப் படிப்பதில்லை என்பதை நீங்கள் செய்தித்தாள் படிக்கும்போது கவனித்துப் பாருங்கள்.

ரோகிணி நிலேகனி எழுதிய சிருங்கேரி சீனிவாசன் கதை ஒன்று இருக்கிறது. நீளமாக முடி வளர்த்த ஒரு விவசாயி, வருஷத்துக்கு ஒரு முறை முடி வெட்டிக்கொள்கிற நாள் அது. முடி வெட்டுபவர் உட்பட யாருக்குமே அவருக்காக நேரமில்லை. அப்புறம் என்ன ஆகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது பதினைந்து முறையாவது ஓடியிருக்கும். ஒரு கதை பதினைந்து முறை கேட்கப்படுகிறது என்றால் அந்தப் புத்தகம் தேறிவிட்டது என்று அர்த்தம். புதிது புதிதாகக் காட்ட வேண்டும் என்று நாம்தான் பறக்கிறோம். குழந்தைக்கு அந்த அவசரம் இல்லை.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘தமிழில் 247 எழுத்து’ என்று ஆரம்பித்துக் குழந்தையை மிரட்டுகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்ற 216உம் சேர்க்கைதான். மராத்தி படிக்கிற குழந்தைக்கு இந்தச் சேர்க்கை முறை புதிதல்ல, அங்கேயும் அதே ஏற்பாடுதான். உண்மையில் இடறுகிற இடங்கள் வேறு. உகரக் குறிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும், ஒலிப்பது பின்னால். எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குறில் நெடில் தனித்தனியாக எழுதுவது தேவநாகரி வழியாக வருகிற பிள்ளைக்குப் புதிது. ளகரம் மராத்தியிலும் உண்டு, ஆகவே அது வந்துவிடும். ழகரம் கிடையாது.

ஒரு ‘க’ போட்டுவிட்டு அதையே இரண்டு மூன்று விதமாகப் படிக்கச் சொல்கிறோமே, அது நியாயமா என்று என் மருமகன் கேட்டான். தேவநாகரியில் நான்கு எழுத்து இருக்கிற இடத்தில் நமக்கு ஒன்று. ‘காகம்’ என்பதில் முதல் ககரமும் இரண்டாவதும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிற குழந்தைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது. எழுத்தைப் பார்த்ததும் காது சரியான ஒலியைக் கொடுத்துவிடும். தெரியாத சொல் வந்தால்தான் தடுமாற்றம். அதனால்தான் ஆரம்பத்தில் வீட்டுச் சொற்கள் நிறைந்த சின்னக் கதைகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘படிக்கத்தான் வராது’ என்று வருத்தப்படும் பெற்றோர், ‘நல்லாப் பேசுவான்’ என்ற முதல் பாதியின் மதிப்பைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் தூரம் வந்தாயிற்று.

இன்னொரு தடங்கல், எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். ‘வந்துச்சு’ என்று பேசும் குழந்தை ‘வந்தது’ என்று படிக்க வேண்டும். என் பேத்தி, “தாத்தா, புக்ல ஏன் எல்லாரும் நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறாங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் உரக்கப் படிக்கும்போது முதல் தடவை பேச்சு வழக்கிலேயே மாற்றிச் சொல்லிவிடலாம். இரண்டாம் தடவை எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை, காதே பழகிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டோரிவீவரில் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துப் போடலாம். அதனால் தமிழ் சில கதைகளில் அழகாகவும் சிலவற்றில் கரடுமுரடாகவும் இருக்கும். எழுதியவர், மொழிபெயர்த்தவர் விவரம் கதையோடு இருக்கிறது. குழந்தையிடம் கொடுக்கும் முன் ஒரு முறை நீங்கள் படித்துவிடுங்கள். முதல் நிலைக் கதைக்கு இரண்டு நிமிஷம் போதும். இந்தக் குறையே ஒரு வசதியும்கூட. எங்கள் கட்டடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மராத்திக் கதை ஒன்றை எடுத்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் பாட்டி நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். ஒரே ஒரு சொல்லுக்கு இருவருக்கும் இரண்டு நாள் சண்டை. அந்தச் சண்டையில் அந்தப் பெண் கற்றுக்கொண்ட தமிழ் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

இனி சில நடைமுறை விஷயங்கள். படக்கதையைச் சின்னக் கைபேசித் திரையில் காட்டினால் படத்தின் அழகு போய்விடும். டேப்லெட்டோ கம்ப்யூட்டரோ இருந்தால் நல்லது. கதையைக் கோப்பாக இறக்கிக்கொண்டு, இணைப்பை அணைத்துவிட்டு, பிறகு குழந்தை கையில் கொடுங்கள். இது முக்கியம். இணைப்பு இருந்தால் நடுவில் ஏதாவது ஒரு அறிவிப்பு வந்து எட்டிப் பார்க்கும், கதை அங்கேயே தடம் புரண்டுவிடும். முடிந்தால் அச்செடுத்துவிடுங்கள். நான் முதல் நிலைக் கதைகளைத் தாளின் இரண்டு பக்கமும் அச்செடுத்து, நடுவில் மடித்து, கெட்டி நூலால் தைத்துக் கொடுக்கிறேன். அலுவலகத்தில் கோப்பு தைத்த கை, இதற்காவது உதவுகிறதே. அட்டையின் உள்பக்கம் பேத்தி தன் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. திரையில் படிப்பதைவிட அந்தத் தைத்த புத்தகத்துக்குத்தான் மவுசு அதிகம். நண்பர்களுக்குக் கடன் கொடுக்கலாம், தலையணைக்கு அடியில் வைக்கலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையும் 2023இல் ‘வாசிப்பு இயக்கம்’ என்று தொடங்கிச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. அவற்றுக்கும் நான்கு படிகள். பெயர்களைப் பாருங்கள்: நுழை, நட, ஓடு, பற. யார் வைத்தார்களோ, கை கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. இவையும் இணையத்தில் கிடைக்கின்றன. இயல்பான தமிழில் இருப்பதால், மொழிபெயர்ப்பில் வரும் கரடுமுரடு இவற்றில் குறைவு. மத்திய அரசும் நேஷனல் புக் டிரஸ்டும் சேர்ந்து நடத்தும் ‘ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயா’வில் 3 முதல் 8, 8 முதல் 11, 11 முதல் 14, 14 முதல் 18 என்று வயது வாரியாகப் பிரித்து, இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். எழுத்தே தெரியாத குழந்தைக்கு, 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் (இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம்) மழலைக் கல்விப் பகுதி உதவும். அதே கழகத்தின் மின்நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது குழந்தைகள் தாமாகப் படிக்க ஏற்றதல்ல, எழுத்து மங்கல். நாம் படித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் கதையாகச் சொல்லலாம்.

ஆங்கிலம் படிக்கிற பெரிய பிள்ளைகளுக்கு ‘கூடன்பர்க்’ திட்டம் இருக்கிறது. 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கியது. காப்புரிமை முடிந்த நூல்கள் ஆயிரமாயிரம். கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ அதில் உண்டு. கிப்ளிங் 1865இல் பிறந்தது நம் பம்பாயில்தான், ஜே.ஜே. கலைப்பள்ளி வளாகத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.எம்.டி. பக்கம் போனால் அந்த வளாகத்தை வெளியிலிருந்து காட்டிவிட்டு வந்து புத்தகத்தைத் திறக்கலாம்.

அதைப் பார்த்து 1998 பொங்கல் நாளில் தமிழுக்குத் தொடங்கியது ‘மதுரைத் திட்டம்’. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகம் முழுவதும் இருந்த தமிழர்கள் ஊதியமில்லாமல் தட்டச்சு செய்து சேர்த்தது. சங்க இலக்கியம் முதல் பாரதி, கல்கி வரை இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கான இடம் அல்ல என்று நினைத்திருந்தேன். என் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வீட்டுப் பையனுக்கு அப்போது பதினான்கு வயது. தமிழ் பேசுவான், படிக்க வராது. 2022 செப்டம்பர் 30 அன்று ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் முதல் பாகம் வந்ததும் முலுண்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கடலில் விழுந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டாம் பாகம் வர ஏழு மாதம் இருந்தது. அவன் அப்பா தனியார் கம்பெனியில் கணக்காளர், தமிழ் உரக்கப் படித்து இருபது வருஷம் ஆனவர். மதுரைத் திட்டத்தில் நாவல் முழுவதும் இருக்கிறதென்று நான் சொன்னேன். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையானவை, தயக்கமே வேண்டாம். ராத்திரி சாப்பாடானதும் இரண்டு அத்தியாயம் என்று தொடங்கினார். முதல் வாரம் திக்கித் திணறல். பையன் சிரித்தான், அம்மா சமையலறையிலிருந்து திருத்தினாள். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அல்லவா, ஒவ்வொரு அத்தியாயமும் ‘அடுத்து என்ன’ என்று நிறுத்திவிட்டுத்தான் போகும். இரண்டு அத்தியாயம் என்று உட்கார்ந்தவர்கள் நாலு என்று எழுந்தார்கள். 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தபோது புத்தகத்தில் மூன்று பாகம்தான் ஆகியிருந்தது. பையன், “படத்துக்கு அப்புறம் போகலாம், முதல்ல புக்கை முடிங்கப்பா” என்றானாம். நடுவில் அப்பா வெளியூர் போன ஒரு வாரம் பொறுக்க முடியாமல், விட்ட இடத்திலிருந்து தானே எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறான். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். அவனுக்கு யாரும் அ, ஆ சொல்லிக் கொடுத்துத் தொடங்கவில்லை. கதை இழுத்தது, எழுத்து பின்னால் வந்தது.

உரிமை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டில் ஒருவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. அரசு நாட்டுடைமை ஆக்கியவை, காலம் கடந்தவை, ஸ்டோரிவீவர் போல உரிமையாளரே ‘எடுத்துக்கொள்’ என்று அனுமதித்தவை, இவற்றை நாம் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். முறையாகக் கொடுத்த பாஸ் மாதிரி. ஆனால் இன்று உயிரோடு இருந்து குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களின் புத்தகங்களை யாரோ ஸ்கேன் செய்து குழுக்களில் அனுப்பி வைக்கிறார்கள். நாமும் ‘நல்ல சேவை’ என்று கைகூப்பிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். இது டிக்கெட் இல்லாப் பயணம். ரயில்வேக்காரன் வேறு எப்படிச் சொல்வான்? சிறுவர் புத்தகம் எழுதிப் பிழைப்பதே தமிழில் கஷ்டம். பிடித்த புத்தகத்தை வாங்கிவிடுங்கள். சென்னை தூலிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாக இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகின்றன. இணையத்திலேயே பணம் கட்டினால் வீட்டுக்கு வந்துவிடும். அப்பா வேறு மொழி, அம்மா தமிழ் என்றிருக்கும் வீடுகள் நம்மிடையே இப்போது நிறைய. அந்த வீடுகளில் இத்தகைய புத்தகத்தை இருவரும் சேர்ந்து படிக்கலாம்.

யார் படித்துக் காட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் கிடைத்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். மகளும் மருமகனும் வீடு திரும்ப எட்டு மணி ஆகும். லோக்கலில் நின்று வந்தவர்களைக் கதை படி என்றால் பாவம். என் சம்பந்தியம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார்கள். இரவு எட்டரைக்கு வீடியோ அழைப்பு. அங்கே அவர்கள் கைபேசியில் கதை, இங்கே பேத்தியின் டேப்லெட்டில் அதே கதை. அவர்கள் படித்துக்கொண்டே வந்து, வரியின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிடுவார்கள். இவள் அதைப் படித்துச் சொன்னால்தான் பக்கம் திரும்பும். முதலில் கடைசிச் சொல் மட்டும், பிறகு பாதி வரி, இப்போது ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம். அங்கே மின்சாரம் போன நாட்களில் சம்பந்தியம்மா இருட்டில் உட்கார்ந்து தன் சொந்தக் கதை எதையாவது சொல்வார்கள். அது எந்தத் தளத்திலும் இல்லாத கதை.

எங்கள் கட்டடத்தில் எண்பத்திரண்டு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷமாக நோட்டுப் புத்தகங்களில் எழுதி வருகிறார். வைத்தியக் குறிப்பு, ஊறுகாய் அளவு, எந்தக் கல்யாணத்தில் யார் என்ன செய்தார்கள், சிலோனிலிருந்து தன் அப்பா திரும்பி வந்த கதை. வீட்டில் மகன், மருமகள், இரண்டு பேரன்கள். மகன் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் பாட்டி மட்டும்தான். பெரிய பேரன் ஒரு நாள் பக்கத்தைப் படமெடுத்து ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பார்த்தான். அச்செழுத்தை நன்றாகப் படிக்கிற அந்தச் செயலி, பாட்டியின் சாய்ந்த கையெழுத்தில் விழித்தது. இருபத்திரண்டு வயதில் இப்போது ‘நுழை’ வரிசைப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் நான்தான் தைத்துக் கொடுத்தேன். பாட்டியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை, ஆனால் பாட்டிக்குத் தெரியும்.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்காக முதல் நிலை, இரண்டாம் நிலைக் கதைகளில் நாற்பதைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். மராத்தியிலும் தமிழிலும் இரண்டிலும் கிடைப்பவை எவை என்று தனியாகக் குறித்திருக்கிறேன். சுமாரான தமிழ் உள்ளவற்றை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பட்டியல் வேண்டுவோர் வகுப்பு நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். தைத்த புத்தகம் வேண்டுமென்றால் அச்செடுத்த தாள்களை நீங்களே கொண்டுவர வேண்டும். நூலும் ஊசியும் என்னிடம் இருக்கின்றன. தைக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் தாத்தாக்கள் அரை மணி முன்னதாக வந்தால் நல்லது, மூக்குக் கண்ணாடியை மறக்காமல்.